தலைவர் ‘வேணாம்’ என்ற தீர்மானம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் கடைசி வார்த்தை யாருடையது? அறக்கட்டளையினுடையதா, கண்காணிப்பாளருடையதா, பணம் கட்டும் பிள்ளைகளுடையதா, அங்கே குடியிருப்பவர்களுடையதா? பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். மேலே ஒரு கட்டம், கீழே நாலு கட்டம், நடுவில் அம்புக்குறிகள். நானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். பெரம்பலூரில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வும் பெற்றாயிற்று. அந்த அம்புக்குறிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆகவே தெளிவாக எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் நன்றாகக் குழம்பிப்போன ஒரு சமயம் உண்டு, அதைச் சொல்கிறேன்.

எங்கள் இல்லம் டவுனைத் தாண்டி செட்டிகுளம் பக்கம் போகிற சாலையில் இருந்தது. அறக்கட்டளையின் செயலாளர் உரக்கடை வைத்திருப்பவர். செயலாளர் என்றதும் ஒரு கெட்ட மனிதரைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். யாருக்காவது மூச்சுத் திணறினால் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு வருகிறவர். பின் இருக்கையில் வாந்தி எடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. எதையும் முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் நம்மிடம் யோசனை கேட்பார்.

ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, “குடியிருப்போர் குழு இருக்கா?” என்று கேட்டார். செயலாளர் கண் இமைக்காமல், “இருக்குங்க சார், நல்லா நடக்குது” என்றார். அதிகாரியின் ஜீப் வெளியே போனதும் என் பக்கம் திரும்பி, “ஒண்ணு போட்டுடுங்க மேடம்” என்றார். எங்கள் இல்லத்தில் மக்களாட்சி வந்தது இப்படித்தான்.

நான் தேர்தல் என்று அறிவித்தேன். வீட்டில் கல்யாணம் வைத்தது போல இல்லம் சுறுசுறுப்பாகிவிட்டது. எங்களிடம் ஏற்கனவே இரண்டு கட்சி இருந்தது. ஒன்றுக்குத் தலைவர் பாடாலூர்க்காரர், பஸ் கண்டக்டராக இருந்தவர். சாப்பாட்டு வரிசையில்கூட எல்லோரையும் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று நகர்த்திக்கொண்டே இருப்பார். இன்னொன்றுக்குத் தலைவர் உடையார்பாளையம் பக்கத்து வாத்தியார். கூடத்து மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில் அவர்களுக்குள் தொடங்கிய பகை, டிவி, செய்தித்தாள், குளியலறை என்று வளர்ந்து, யார் எந்தப் பக்கம் என்று இல்லமே பிரிந்து கிடந்தது.

ஆனால் ஓட்டுப் பெட்டி வைக்கலாம் என்று நான் சொன்னதும் கண்டக்டரே வந்து தடுத்தார். “ஓட்டு வச்சீங்கன்னா ரெண்டு பந்தி ஆயிடும் மேடம். அப்புறம் மூஞ்சியில எப்புடி முழிக்கிறது? எங்க பக்கம் இந்த மாதிரி ஆளுக்கு ஆள் மோதிக்கிட்டா, ரெண்டு பேத்தையும் விட்டுட்டுப் பொதுவா ஒருத்தரப் போட்டுடுவோம். அப்புடிப் போடுங்க.” வாத்தியாரும் அதுவே சரி என்றார். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பொதுவான ஆள் என்றால் யாருக்கும் பகை இல்லாத ஆள். அப்படி ஒருவரைத் தேடியபோதுதான் எங்கள் இல்லத்தின் நிலைமை எனக்கே தெரிந்தது. துணி காயப்போடும் கொடியில் பகை, ஜன்னலோரக் கட்டிலில் பகை, கறிவேப்பிலையை எடுத்துப் பக்கத்து இலையில் போட்டதில் பகை. கடைசியில் எல்லோரும் ஒருமனதாகச் செல்லம்மாளைக் காட்டினார்கள்.

“அதுக்கு யாரு மேலயும் கோவம் நிக்காது மேடம்” என்றார் கண்டக்டர்.

உண்மைதான். செல்லம்மாளுக்குக் கோபம் நிற்காததற்குக் காரணம், அவருக்கு எதுவுமே நிற்காது. செட்டிகுளத்துக்காரர், சின்ன வெங்காயம் பயிர் செய்து பிழைத்தவர், பிள்ளைகள் இல்லை, தம்பி மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார். ஞாபக மறதி நோயின் தொடக்கம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் சண்டை போட்டவரோடு மத்தியானம் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவார், ஏன் என்று யாருக்கும் தெரியாது. பகை இல்லாத ஆளைத் தேடிப் போய், பகையை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத ஒருவரைத் தலைவர் ஆக்கினோம். அன்று எல்லோருக்கும் ரொம்பத் திருப்தி, எனக்கும்தான்.

மாதம் ஒரு கூட்டம் நடக்கும். நான் தீர்மானத்தை வாசிப்பேன். இரண்டு கட்சியும் தலைவரைப் பார்க்கும். செல்லம்மாள் என்னைப் பார்த்து, “செஞ்சுடுங்க டீச்சர்” என்பார். கையெழுத்தும் போடுவார். டிவி நேரம், கேட் மூடும் நேரம், வெள்ளிக்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் என்று எல்லாம் இப்படித்தான் நிறைவேறின. “எந்த இல்லத்துலயும் இவ்ளோ ஒத்துமை கெடையாது மேடம். நிர்வாகம்னா இதான் நிர்வாகம்” என்று செயலாளர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவருக்கு நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாதே என்று யாரும் கவலைப்படவில்லை. அவர் ‘செஞ்சுடுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அந்த மறதி எங்களுக்கு இடைஞ்சலாகவே தெரியவில்லை.

இப்போது ஜொகரா பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லெப்பைக்குடிகாட்டுக்காரர். ஒரே மகன், வளைகுடாவில் வேலை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. புத்தி மட்டும் கண்ணில் அப்படியே இருந்தது. அவர் கட்டிலும் செல்லம்மாள் கட்டிலும் அடுத்தடுத்து. சாயங்காலமானால் செல்லம்மாள் சமையலறையிலிருந்து ஒரு தட்டு வெங்காயம் வாங்கிவந்து ஜொகரா பீவியின் கால்மாட்டில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே பேசுவார். மழை, மாடு, நாத்தனார் என்று பேச்சு எங்கெங்கோ போகும். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வார். ஜொகரா பீவி முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருக்குப் பேச்சு இல்லை, மற்றவருக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்குள் எப்படி ஒட்டியது என்று நான் யோசித்ததுண்டு, விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளை அரியலூர்ப் பக்கம் இரண்டாவது இல்லத்தைத் திறந்தது. செயலாளர் ஒரு திட்டத்தோடு வந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை எல்லாம் அரியலூருக்கு மாற்றிவிடுவது, நடமாடுகிறவர்களை இங்கே வைத்துக்கொள்வது. அங்கே முழுநேர நர்ஸ்கள் இருப்பார்கள். இங்கே ஒரே ஒரு நர்ஸ், அதுவும் காலையில் வந்து மதியம் போய்விடுவார். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய வசதி அது. ஜொகரா பீவியின் மகனுக்கு போன் போட்டேன்.

“நீங்க பாத்து எது நல்லதோ அதச் செய்ங்க மேடம். அம்மாவ ஒங்ககிட்டதான் ஒப்படைச்சிருக்கேன். இன்ஷா அல்லா, லீவு கெடைச்சதும் நேரா அரியலூருக்கே வந்து பாத்துக்கிறேன்.”

எல்லாப் பிள்ளைகளும் சம்மதித்துவிட்டார்கள். மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தேன். கண்டக்டரும் வாத்தியாரும் தலைவரைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்து நீட்டினேன்.

“வேணாம்” என்றார் செல்லம்மாள்.

அவர் வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி வாசித்தேன்.

“வேணாம் டீச்சர். பட்டறைய இப்பப் பிரிக்காதீங்க. மழ வரப்போவுது.”

பட்டறை என்பது எங்கள் பக்கத்தில் வயலோரமாகக் குச்சிகளை நட்டு, மேலே ஓலை வேய்ந்து, சின்ன வெங்காயத்தைக் காற்றாடச் சேர்த்துவைக்கும் இடம். நேரம் பார்க்காமல் பிரித்தால் வெங்காயம் நனைந்து அழுகிவிடும். செல்லம்மாள் தன் வயலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாத்தியாரும் அதையேதான் சொன்னார். “அந்தம்மாவுக்கு நெனவு சரியில்லங்க. இத கணக்குல எடுத்துக்கக் கூடாது.” கண்டக்டர் எழுந்துவிட்டார். “போன மாசம் கணக்குல எடுத்தீங்கள்ல? தலைவர் வேணாம்னா வேணாந்தான்.” வாத்தியார் சொன்னதற்கு எதிராகப் பேச வேண்டும் என்பதற்காகவே அவர் பேசினார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் கேட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் சத்தமாகவே முடிந்தது.

மறுநாள் செயலாளர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“மேடம், அவங்களுக்கு மறதின்னு டாக்டரே சொல்லியிருக்காரு. இதப் போயி ஒரு பிரச்சனைன்னு சொல்றீங்களே.”

“அப்ப கேட் நேரத்த மாத்துன தீர்மானம் செல்லுமா சார்? அதுக்கும் இவங்கதான் தலைவர்.”

“அது வேற.”

“எப்படி வேற?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “அது சரின்னு சொன்னது. இது வேணாம்னு சொல்றது.”

சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ கேட்டிருக்க வேண்டும். மேசைமேல் இருந்த காகித எடையை எடுத்து உருட்டினார். பிறகு கோபமாகவே சொன்னார்: “அங்க கட்டில் போட்டு நர்ஸும் வந்தாச்சு. படுக்கையில கெடக்குறவங்களுக்கு நல்லது செய்றதுக்கு நான் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா? நாளைக்குக் காலையில இன்னொரு தடவ கேளுங்க. செஞ்சுடுங்கன்னுதான் சொல்வாங்க.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். “யாரு வேணாம்னது? செஞ்சுடுங்க டீச்சர்” என்றார் செல்லம்மாள். நிம்மதியாகப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்குவதற்குள் நானே பேனாவை மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் அவர் அறைக்குப் போய் இன்னொரு முறை கேட்டேன். ஜொகரா பீவியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். “வேணாம்” என்றார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த நாளும் அப்படித்தான். ஆபீசில் கேட்டால் ‘செஞ்சுடுங்க’. அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் ‘வேணாம்’. இளையவர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆபீசில் சொன்னது தலைவரின் வாக்கு, அறையில் சொன்னது மறதி என்று எடுத்துக்கொள்வீர்களா? அறையில் சொன்னது மனம், ஆபீசில் சொன்னது வாய்ப்பழக்கம் என்று எடுத்துக்கொள்வீர்களா? இரண்டுக்கும் நியாயம் இருந்தது. எனக்கு எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரமும் என் கையில் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. சமையல்காரம்மாவிடம் காரணமில்லாமல் கத்தினேன்.

செயலாளர் தினமும் போன் செய்தார். “என்ன மேடம், தலைவர் என்ன சொல்றாங்க?” அவர் குரலில் கிண்டல் கூடிக்கொண்டே போனது.

அப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு சாயங்காலம், அறை வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தேன். செல்லம்மாள் குளிக்கப் போயிருந்தார். ஜொகரா பீவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று வெட்கமாகப் போய்விட்டது. மகனைக் கேட்டேன், தலைவரைக் கேட்டேன், கண்டக்டரையும் வாத்தியாரையும் கேட்டேன். அரியலூருக்குப் போகப் போகிற மனுஷியை யாரும் கேட்கவில்லை. பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று தோன்றியிருக்கலாம். அதைக்கூட நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜொகரா பீவி சரி என்றால் இடது கையால் கட்டிலைத் தட்டுவார், வேண்டாம் என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தண்ணீர், போர்வை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டுதான் பதில். திட்டம் முழுவதையும் சொன்னேன். அங்கே நர்ஸ் எப்போதும் இருப்பார் என்பதையும் சொன்னேன்.

“போறீங்களாம்மா?”

தட்டினார்.

நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் மறுப்பார் என்றும், அதை வைத்துச் செயலாளரிடம் சண்டை போடலாம் என்றும் மனதுக்குள் தயாராகி வந்திருந்தேன். “நர்ஸ் இருப்பாங்கங்கறதுக்காகவா?” என்று கேட்டேன். மறுபடி தட்டினார். அவர் கண் தன் படுக்கை விரிப்புக்குப் போனது. அது ஈரமாக இருந்தது. மதியம் நர்ஸ் போன பிறகு, ஆயாவுக்குக் கைவேலை முடிந்து ஆள் துணையோடு வந்து தூக்கி மாற்றும்வரை அவர் அப்படியேதான் கிடப்பார். செல்லம்மாள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து நாத்தனார் கதை சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ சாயங்காலங்களில் அவர் அந்த ஈரத்தில்தான் கிடந்திருக்க வேண்டும்.

ஆயாவைக் கூப்பிட்டு இருவருமாக விரிப்பை மாற்றினோம். போகும்போது வாய் சும்மா இராமல் ஒன்று கேட்டேன். “செல்லம்மாவ விட்டுட்டா போறீங்க?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அது பதிலா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது, அது போதும் என்று வெளியே வந்துவிட்டேன். அந்த வாரமே அவரும் மற்றவர்களும் அரியலூருக்குப் போனார்கள். தீர்மானத்தில் செல்லம்மாள் ஆபீசில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். செயலாளருக்குச் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் செல்லம்மாள் வெங்காயத் தட்டோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

“ஜொகராவ எங்க டீச்சர்?”

“அரியலூருக்குப் போயிட்டாங்கம்மா. அங்க நர்ஸ் இருக்காங்க.”

அவர் முகம் அப்படியே விழுந்தது. பிறகு, “அவளக் கேட்டீங்களா?” என்றார்.

“கேட்டேன்மா. போறேன்னு சொன்னாங்க.”

“அப்ப சரி.”

மறுநாள் சாயங்காலமும் வந்தார். அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. அதே கேள்வி, நான் சொன்னதும் முகம் அதே போல விழும், “அவளக் கேட்டீங்களா?”, “அப்ப சரி.” தினமும் இது நடந்தது. ஒவ்வொரு நாளும் அவருக்கு ஜொகரா பீவி அன்றுதான் போனார். அன்றுதான் துக்கம். ஒன்று மட்டும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு நான் தினமும் உண்மையைச் சொல்ல முடிந்தது. அந்த ஈரப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்காமல் இருந்திருந்தால், தினமும் ஒரு பொய் சொல்லியிருப்பேன். நாம் எடுக்கிற முடிவுக்கு ஒரு நாள் பதில் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் நிறைய முடிவுகளை எடுக்கிறோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் எனக்குக் குழப்பமும் தீர்ந்திருக்கும்.

ஒரு நாள் வழக்கம் போல எல்லாம் கேட்டார். “அவளக் கேட்டீங்களா?” “கேட்டேன்மா.” அப்ப சரி என்பார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை.

“என்னய யாரும் கேக்கலியே” என்றார்.

உங்களைக் கேட்டது போல இந்த இல்லத்தில் வேறு யாரையும் கேட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் கேட்டேன், சாயங்காலம் கேட்டேன், செயலாளர் கேலி செய்யும் அளவுக்குக் கேட்டேன். ஆனால் கேட்டதெல்லாம் தலைவரை. தீர்மானம் சரியா, தப்பா என்று. பக்கத்துக் கட்டில் காலியாகப் போகிற செல்லம்மாளை நான் ஒன்றும் கேட்கவில்லை.

“இப்பக் கேக்குறேன், சொல்லுங்கம்மா” என்றேன்.

“எனக்கு அவ வேணும்” என்றார். எந்தக் குழப்பமும் இல்லாமல் சொன்னார். நாங்கள் நின்றது ஆபீசில்.

செல்லம்மாளையும் அரியலூருக்கு அனுப்பலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். அரியலூர் படுக்கையில் இருப்பவர்களுக்கு மட்டும், ஒருவரை விட்டால் எல்லோரும் கேட்பார்கள், அப்புறம் விதி என்று ஒன்று எதற்கு என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், இப்போதும் நான் அதை மறுக்கவில்லை. “சரி, ஒரு தடவ பாத்துட்டாவது வரட்டும் சார்” என்றேன். அதற்கு மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். தானே காரை எடுத்துக்கொண்டு வந்தார்.

வழி நெடுக சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். எங்கே போகிறோம் என்று செல்லம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டார். செயலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவு பொறுமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஜொகரா பீவியை இவருக்கு அடையாளம் தெரியுமா என்று எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

உள்ளே போனதும் செல்லம்மாள் வரிசையாக ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். போய்க் கால்மாட்டில் உட்கார்ந்து, “சாப்ட்டியா?” என்றார். காலையில்தான் விட்டுப் பிரிந்தது போல நாத்தனார் கதையை ஆரம்பித்தார். ஜொகரா பீவியின் விரிப்பு காய்ந்து, தலை வாரி, முகம் தெளிந்திருந்தது. அந்த இடமாற்றம் அவருக்கு நல்லதுதான் செய்திருந்தது. அதையும் நீங்கள் மறக்கக் கூடாது, செயலாளர் தப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை.

வெயில் இறங்கியதும் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “கெளம்பலாமா செல்லம்மா?”

“நீங்க போயிட்டு வாங்க.”

“நீங்க தலைவராச்சேம்மா” என்றார் செயலாளர், பாதி விளையாட்டாக. “மாசாமாசம் கூட்டத்த யாரு நடத்துறது?”

“வேற யாரையாச்சும் பொதுவாப் போட்டுக்கங்க” என்றார் செல்லம்மாள்.

தான் தலைவர் என்பது இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? எது ஞாபகம் இருந்தது, எது இல்லை, எந்த ‘செஞ்சுடுங்க’ மனதிலிருந்து வந்தது, எது வெறும் வாயிலிருந்து வந்தது? இன்றுவரை ஒரு விடையும் எனக்குக் கிடைக்கவில்லை.

செயலாளர் என்னைப் பார்த்தார். விதியைச் சொல்லப் போகிறார், நான் என்ன சொல்லி மறுப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரோ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பேனா விழாமல் கையால் பிடித்தபடி குனிந்தார். முடிவு செய்த பிறகே யோசனை கேட்கிற அந்த மனிதர், அன்று ஜொகரா பீவியின் காதருகே, “அம்மா, செல்லம்மா இங்கயே ஒங்ககூட...” என்று ஆரம்பித்தார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜொகரா பீவி கட்டிலைத் தட்டிவிட்டார்.